ஒன்பது மாத அக்ரிமெண்ட்

என் மனைவியின் வயிற்றில் எது நடப்பதென்றாலும் அதற்கு என் கையெழுத்து வேண்டும் என்று நாற்பத்தோரு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். வைகையில் தண்ணீர் வரும் என்று நம்புகிற மாதிரி அல்ல, வராது என்று நம்புகிற மாதிரி உறுதியாக.

இதற்கு ஆதாரமும் வைத்திருந்தேன். இரண்டாவது மகள் பிறந்தபோது என் மனைவிக்கு ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து, நினைவில்லாமல் கிடந்தாள். ஒரு சின்ன டாக்டர் ஓடிவந்து ஒரு தாளை நீட்டி, "போடுங்க சார்" என்றார். போட்டேன். என் கையெழுத்தில் வழக்கமாக மூன்று சுழி இருக்கும். அன்று அவசரத்தில் ஏழெட்டு விழுந்துவிட்டது. குழந்தை பிழைத்தது, இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு அவளும் பிழைத்தாள். டாக்டர்கள் காப்பாற்றினார்கள் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். என் சுழிகள்தான் காப்பாற்றின என்று நான் நினைத்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது பெரிய டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "இன்னொன்னு வேண்டாம். இவங்க உடம்பு தாங்காது. இப்ப இருக்குற நிலைமையில இவங்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் பண்ண முடியாது. நீங்க பண்ணிக்கங்க. ஆம்பளைக்குச் சின்ன வேலை." எனக்கு அந்தச் 'சின்ன' என்ற சொல் பிடிக்கவில்லை.

அப்போது எனக்குத் தெற்கு மாசி வீதிப் பக்கம் ஆணி, கொண்டி, தாழ்ப்பாள் விற்கிற கடை. தராசுக்கு முத்திரை வைக்க வருகிற இன்ஸ்பெக்டர், விற்பனை வரிக்காரர், பலகை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல வருகிற மாநகராட்சிக்காரர் என்று வாரத்துக்கு ஒருவர் வந்து என்னைத் தத்துவவாதியாக மாற்றியிருந்தார்கள். தொண்ணூறுகளில் லைசென்ஸ் கெடுபிடியெல்லாம் தளர்கிறது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. என்னைப்போலச் சூடுபட்ட வியாபாரிகள் சிலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில் கூடுவோம். தனிமனிதச் சுதந்திரவாதம் பற்றி எங்கிருந்தோ வந்த ஜெராக்ஸ் கட்டுரைகளைப் படிப்போம். சாரம் இதுதான்: ஒருவருடைய உடம்பு அவருக்குச் சொந்தம், உழைப்பு அவருக்குச் சொந்தம், அவர் அடுத்தவர் மேல் கைவைக்காதவரை அரசாங்கம் அவர் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது.

இந்தச் சாரம் எனக்கு ஒருநாள் பெரிய உதவியாக வந்தது. சுகாதார நர்ஸ் ஒருவர் வீட்டுக்கு வந்து, ஆண்களுக்கான ஆபரேஷன் முகாம் நடக்கிறது, வாருங்கள் என்றார். வாசலில் நின்றபடியே ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். "என் ஒடம்பும்மா இது. இதுல கத்தி வைக்கணுமா வேண்டாமான்னு நான்தான் முடிவு பண்ணணும். அரசாங்கமோ, டாக்டரோ, பெத்தவங்களோ, கட்டுனவளோ யாரும் சொல்ல முடியாது." நர்ஸ் கையிலிருந்த பொட்டலத்தைத் திண்டில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். உள்ளே என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் காதிலும் விழட்டும் என்றுதான் கொஞ்சம் சத்தமாகப் பேசினேன். கொள்கை என்று நான் சொன்னது முழுக்க முழுக்கப் பயம். (அந்தச் சின்ன வேலையைப் பிறகு செய்துகொண்டேன். அரை மணி நேரம். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை என்பதுதான் அவமானம்.)

பொட்டலத்தில் இருந்தவை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் ஆணுறைகள். அரசாங்கம் செய்கிற எதையும் நம்பாதே என்று ஞாயிறுதோறும் முழங்கியவன் மற்ற ஆறு நாளும் அவற்றைத்தான் நம்பியிருந்தேன்.

இரண்டாவது மகளுக்கு ஆறு வயதானபோது, ஒரு சாயங்காலம் என் மனைவி காலாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சிவப்பு மைப் பேனாவை மூடாமலே சொன்னாள்.

"ஏங்க, நாள் தள்ளிப் போயிருந்துச்சு. டாக்டரம்மாவப் போய்ப் பாத்தேன். உண்டாயிருக்கேன். இன்னும் ரெண்டு மாசம் ஆகல. வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கேன். வர்ற சனி இல்ல, அதுக்கடுத்த சனி. கடைய அடைச்சிட்டு வாங்க."

சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். கை மட்டும் தாளைப் புரட்டாமல் அப்படியே நின்றது. நான் அதைக் கவனித்தேன். ஆனால் எனக்கு அப்போது என் கை ஞாபகம்தான். கையெழுத்துப் போடப் போகிற கை.

அன்றிலிருந்து என் பீதி ஆரம்பித்தது. போட்டால் ஓர் உயிர் போகும். போடாவிட்டால் அவள் உயிருக்கு ஆபத்து. வலிப்பு வந்து அவள் பல் கிட்டிப்போய்க் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். எப்படிப் பார்த்தாலும் கொலைகாரன் நான்தான். போதாக்குறைக்கு இது சட்டத்துக்கு உட்பட்டதா என்றுகூட எனக்குத் தெரியாது. கடைக்கு எதிரே போலீஸ் ஜீப் நின்றால் கல்லாவுக்குக் கீழே ஏதோ விழுந்ததுபோலக் குனிந்தேன். அவர்கள் எதிர்க்கடையில் வடை தின்ன வந்தவர்கள்.

இதற்கு நடுவே ஒரு குரல், 'பையனா இருந்தா?' என்றது. பேரையூர்ப் பக்கம் ஊரில் இருக்கும் என் அக்காவின் குரல் மாதிரியே இருந்தது. ஆனால் அக்காவுக்கு விஷயமே தெரியாது. குரல் என் தொண்டைக்குள்ளிருந்துதான் வந்தது.

ஒரு மனுசர் எப்போது மனுசராகிறார் என்று கண்டுபிடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. கடையில் ஆணியை நிறுத்துக்கொண்டே யோசித்தேன். ரேஷன் கார்டுக்காரரைக் கேட்டால், பிறந்து, சர்ட்டிபிகேட் வாங்கி, வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு நாலு நடை நடந்த பிறகு என்பார். பஸ் கண்டக்டரைக் கேட்டால், அதற்கும் பிறகு அரை டிக்கெட் வாங்கும்போது பாதி மனுசர் என்பார். பால்குடிப் பிள்ளை இறந்தால் எங்களில் எரிப்பதில்லை, புதைப்பார்கள். சடங்குக் கணக்கில் அது இன்னும் முழு ஆள் இல்லை. எங்கள் ஊரோ எல்லோரையும் தாண்டிவிட்டது. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். கல்யாணமான ஆண் என்றால் ஒரு தலைக்கட்டு. வங்கியில் அதிகாரியாக இருக்கும் என் சித்தப்பா மகன் கல்யாணம் செய்துகொள்ளாததால் தலை நரைத்தும் ஊர்க் கணக்கில் ஆளே இல்லை. இதை நினைத்துச் சிரிக்கும்போதுதான் உறைத்தது. இரண்டு பெண்களைப் பெற்று, இருநூறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற என் மனைவி எந்தக் காலத்திலும் அந்தக் கணக்கில் ஒரு தலையாக வரப் போவதில்லை. வயிற்றில் இருப்பது ஆளா இல்லையா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவன், வயிற்றுக்குச் சொந்தக்காரியைப் பற்றி அதுவரை யோசிக்கவே இல்லை.

ஆனாலும் யோசனையைப் பாதியில் விட்டுவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போனேன். மதுரையில் நாலு பேர் சேர்ந்து ஒரு விஷயம் பேசினால் ஐந்தாவதாக ஒரு நடுவர் வேண்டும். அன்று நடுவர் ஒரு அரிசி மண்டிக்காரர். சும்மா தத்துவத்துக்காகக் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு நானே தலைப்பைக் கொடுத்தேன். வயிற்றில் இருக்கும் கருவுக்கு உரிமை உண்டா, சுமக்கிறவளுக்கு அதை வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டா, சுதந்திரவாதி எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

நான் செய்த பெரிய தவறு, அந்த மாடியில் இருந்தவர்கள் யார் என்பதை மறந்தது. பாதிப் பேர், பழைய வாடகைக்குக் கடையைப் பிடித்துக்கொண்டு காலி செய்ய மறுப்பவர்கள். மீதிப் பேர், அப்படிப்பட்டவர்களைக் காலி செய்ய வைக்க வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைபவர்கள். தலைப்பைக் கேட்ட மறு நிமிஷமே கரு குடிவந்தவராகிவிட்டது, தாய் வீட்டுக்காரியாகிவிட்டாள்.

லாட்ஜ்காரர் ஆரம்பித்தார். "எடம் அவளோடது. காலி பண்ணுன்னா பண்ணணும். ஒடம்பவிடப் பெரிய சொத்து எது? அவ வேண்டாங்குறப்ப உள்ள இருக்க யாருக்கும் உரிமை கிடையாது."

அவருடைய கடை ஒன்றில் காலங்காலமாக வாடகைக்கு இருக்கும் பாத்திரக் கடைக்காரர் விட்டாரா? "கதவத் தொறந்து உள்ள விட்டது யாரு அண்ணே? அதுவா பூட்ட ஒடச்சு வந்துச்சு? உள்ள விட்டுட்டு, வெளிய போனா பொழைக்க வழியில்லாதத தூக்கி வீதியில வைப்பீங்களா? வெளிய போய்ப் பொழைக்குற வரைக்குமாவது டைம் குடுக்கணும்ல."

"டைம் டைம்னுதான் நீ என் கடையில இம்புட்டு வருசமா இருக்க."

"நம்மல்லாம் பதினோரு மாச அக்ரிமெண்ட் போடுறோம். இது ஒம்பது மாசந்தான். அம்புட்டு நாள் பொறுக்கக் கூடாதா?"

"அக்ரிமெண்ட்ல அவ கையெழுத்துப் போட்டாளா?"

கையெழுத்து என்றதும் எனக்கு வியர்த்தது. நான் கடையைப் பொறுத்தவரை வாடகைக்காரன். வாடகைக்கு விட்டிருக்கும் என் வீட்டு மாடியைப் பொறுத்தவரை வீட்டுக்காரன். எந்தப் பக்கம் கைதட்டுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் தட்டினேன்.

சுங்குடிச் சேலை வியாபாரம் செய்யும் என் நண்பன் அதுவரை பேசவில்லை. வீட்டில் சௌராஷ்டிரம், வெளியே எங்களைவிடச் சுத்தமான மதுரைத் தமிழ். "எல்லாத்துக்கும் அரசாங்கம் வேண்டாம்னு சொல்றோம். ஆனா உயிரக் காப்பாத்தவாவது அரசாங்கம் வேணும்னு ஒத்துக்கிறோம்ல? உண்டான நாள்லேருந்து அது ஒரு உயிருன்னு நான் நெனைக்கிறேன். அப்ப அது மேல கை வைக்குறதும் கை வைக்குறதுதான். சின்னதா இருக்குங்கறதுக்காக உரிமை சின்னதாயிராது" என்றான்.

லாட்ஜ்காரர் மெதுவாகக் கேட்டார். "சரி. குடியிருக்குறவரால கட்டடமே இடிஞ்சு விழும்னு இன்ஜினியர் சொல்லிட்டா?"

பாத்திரக் கடைக்காரர் குனிந்து செருப்பைத் தேடினார். நான் எழுந்து ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்தேன். நடுவர் தொண்டையைக் கனைத்து, விஷயம் கனமாக இருப்பதால் தீர்ப்பை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்தார். எல்லோரும் காபிக்கு இறங்கினார்கள்.

படியிலேயே நண்பன் என் தோளைப் பிடித்தான். "யாரு, டீச்சரா?"

"என்னது?"

"மாப்ள, தத்துவத்துக்கு யாரும் இப்படி வேர்த்துக்கிட்டு நிக்க மாட்டான்."

சொன்னேன். சுழி வரைக்கும் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய மகன் ஏழு மாதத்தில் பிறந்தவன். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கையளவில் கிடந்ததை நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். "அவன அப்படிப் பாத்ததுக்கப்பறம் எனக்கு வேற மாதிரி நெனைக்க வராதுடா," என்றான். "நான் நெனைக்கிறது அதான். அதுக்காக டீச்சர் வீட்டு வாசல்ல போலீஸ் வந்து நிக்கணும்னா, அதுவும் எனக்கு ஆகாது. மேல சொன்ன பேச்சுக்கும் இதுக்கும் ஒத்து வரல, தெரியுது. அன்னைக்கு அவங்க ஆஸ்பத்திரியில கெடந்ததையும் நான் பாத்தேன்ல." பிறகு, "எந்த ஆஸ்பத்திரி? சனிக்கிழமை என் காரை எடுத்துக்க. ஆட்டோவுல குலுங்கிக்கிட்டுக் கூட்டிட்டு வராத" என்றான்.

வீட்டுக்குப் போனதும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு என் மனைவி முன்னால் உட்கார்ந்தேன். "இங்க பாரு. நானும் எல்லாப் பக்கமும் யோசிக்கிறேன். யோசிச்சு முடிச்சதும் என் கையெழுத்தப் போடலாமா வேண்டாமான்னு சொல்றேன்."

அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "எதுல?"

"ஆஸ்பத்திரியில. சம்மதத்துக்கு."

"ஒங்க சம்மதத்தையா நான் கேட்டேன்? கடைய அடைச்சிட்டு வாங்கன்னுதான சொன்னேன்?" மடித்த துணியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு அந்த நர்ஸம்மாட்ட வாசல்ல நின்னு என்ன சொன்னீங்க? என் ஒடம்பு, நான்தான் முடிவு பண்ணணும், கட்டுனவகூடச் சொல்ல முடியாதுன்னு. தெருவே கேட்டுச்சு. அது ஆம்பளை ஒடம்புக்கு மட்டுமா?"

நான் மாடியில் பழகிய வழக்கத்தில், "அப்ப அது உயிர் இல்லைங்குறியா?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் எப்பச் சொன்னேன்? உசுருதான். நானும் உசுருதான். அந்தா உள்ள படிச்சிக்கிட்டிருக்காளுகளே, அவளுக ரெண்டு பேரும் உசுருதான். ஒங்களுக்குப் பேசிப் பாக்க ஒரு விஷயம். எனக்கு இது வயித்துக்குள்ள இருக்கு. நான் தூங்கல, தெரியுமா? அழுது முடிச்சிட்டுத்தான் ஒங்ககிட்டயே சொன்னேன்."

அவள் அழுதது எனக்குத் தெரியாது. மறுபடியும் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். நானும் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். போர்வை, தனியாக மடிப்பது கஷ்டம்.

சனிக்கிழமை நண்பனின் காரில் போனோம். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்தேன், ஒன்று எழுதாவிட்டால் இன்னொன்று. டாக்டரம்மாவின் அறையில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்பட மாட்டாது என்ற பலகை. டாக்டரம்மா என் மனைவியின் பழைய ஆஸ்பத்திரித் தாள்களைப் படித்தார். அழுத்தம் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்றார்.

"நான் இவங்க கணவர், டாக்டர்."

"அதான் உக்காரச் சொல்றேன்."

ஏன் என்று பிறகு என் மனைவி சொன்னாள். வீட்டில் யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா, எங்கேயாவது ஸ்கேன் எடுத்துப் பெண் என்று சொல்லிவிட்டார்களா, கணவர் மிரட்டுகிறாரா என்று கேட்டாராம். அரசாங்கத்திடமிருந்து மட்டும்தான் மனுசருக்கு விடுதலை வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஒருத்திக்கு என்னிடமிருந்தும் வேண்டியிருக்கும் என்பது எந்த ஜெராக்ஸ் தாளிலும் இல்லை.

மறுபடி உள்ளே கூப்பிட்டபோது என் மனைவி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பேனாவைத் திறந்தேன்.

"என்ன சார்?" என்றார் டாக்டரம்மா.

"என் கையெழுத்து."

"எதுக்கு? பதினெட்டு வயசு தாண்டின பொம்பளைக்கு அவங்க சம்மதம் மட்டும்தான் சட்டம் கேக்குது. சில எடத்துல புருசன் கையெழுத்தும் வாங்குறாங்க, அவங்க பயத்துக்கு. நான் வாங்குறதில்ல. காரணம் என்னன்னு நான் எழுதணும், எழுதியாச்சு."

காரணத்தை டாக்டர் எழுதினால்தான் சட்டம் ஒத்துக்கொள்ளும் என்றால் அதுவும் ஒரு லைசென்ஸ்தானே என்று எனக்குள் இருந்த தத்துவவாதி வாயைத் திறந்தான். "கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் என் மனைவி. தத்துவவாதி உட்கார்ந்துவிட்டான். பேனாவை மூடும்போது தோளில் கிடந்த சிமெண்ட் மூட்டையை யாரோ இறக்கியதுபோல இருந்தது. இத்தனை நாளும் நான் கொலைகாரனும் இல்லை, நீதிபதியும் இல்லை. வெளியே உட்கார வேண்டிய ஆள், அவ்வளவுதான். இந்த அற்ப மனுசனுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று யாரிடமும் சொல்ல முடியவில்லை.

வெளியே பெஞ்சில் அலங்காநல்லூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார். "ஒங்களுக்கு என்னண்ணே, ஆம்பளையா பொம்பளையா?" என்றார்.

"ரெண்டும் பொம்பளைப் பிள்ளைக. வீட்ல இருக்குதுக."

"நல்லதுண்ணே. நம்மள கடைசியில பாக்குறது அதுகதான்" என்று பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். கதவையே பார்த்துக்கொண்டு, கடிக்காமல், கையிலேயே வைத்திருந்தேன். ஒரு முறை உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டு நான் எழுந்து நின்றதும் அவரும் எழுந்து நின்றார். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

ஒரு மனுசர் எந்த நாளில் மனுசராகிறார் என்று எனக்கு இன்றும் தெரியாது. மாடியில் அந்தத் தீர்ப்பு வழங்கப்படவே இல்லை. அடுத்த வாரம் எல்லோரும் விற்பனை வரியைப் பிடித்துக்கொண்டார்கள். நண்பன் இன்றும் அவன் சொன்னதையே சொல்கிறான், அவன் சொல்வது தப்பு என்று என்னால் அடித்துப் பேச முடியவில்லை. முடிவெடுக்க வேண்டியவள் யார் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. யாரையும் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே தீர்ந்துவிட்டது.

பதினொரு மணிக்கு முன்பே நர்ஸ் வந்து கூப்பிட்டார். என் மனைவி கண் விழித்துப் படுத்திருந்தாள். அழுத்தம் ஏறவில்லை, வலிப்பு வரவில்லை. "பசிக்குது" என்றாள். கீழே போய் இட்லி வாங்கிவந்தேன், மூன்று சாப்பிட்டாள். மத்தியானம் காரில் வீட்டுக்கு வந்தோம். அன்றும் மறுநாளும் படுத்திருந்தாள், நானும் பெண்களும் சமைத்தோம். திங்கட்கிழமை காலை திருத்திய தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு மேலூர் பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போனாள்.